காத்தாடி நின்னுட்டு

9 மார்ச் 1992, திங்கள்
காலையிலேயே வெயில். சேலையூர் ஸ்டாப்பில் பஸ் நிற்கவில்லை. ஓடி ஏறியதில் செருப்பு வார் அறுந்தது. நாள் முழுக்க ஊக்கு குத்திய செருப்போடு ஆபீஸ்.

கயத்தாறு பக்கம் எங்கள் கம்பெனியின் முதல் காற்றாலை. சனிக்கிழமை டவர் ஏற்றுகிறார்கள். அஸ்திவார டிராயிங் நான் போட்டது. நானும் போகிறேன் என்று மேனேஜர் நடராஜன் சாரிடம் கேட்டேன். சைட்டில் பெண்கள் தங்க வசதி இல்லையாம். டிப்ளமோவில் எனக்கு மட்டும் லேடீஸ் சிமென்டா சொல்லிக் கொடுத்தார்கள்? மனசுக்குள் கேட்டேன், நல்ல சத்தமாக.

கிளம்பும்போது அவரே கூப்பிட்டார். "டவர் தகராறில்லாம உட்காரட்டும். அடுத்த சைட் உனக்குத்தான்." டைப்பிஸ்ட் கமலா சாட்சி.

11 புதன்
வாங்க: செருப்பு, பென்சில் லெட், அம்மாவுக்குத் தைலம்.

அப்பா தவக்காலத்துக்குக் காபியை விட்டுவிட்டார். கோபம் கைவசம்தான். சைட் பேச்சை எடுத்தால் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறார்.

சாயங்காலம் எஸ்.டி.டி. பூத். சைட் பக்கத்து டீக்கடைக்குப் போட்டு, சூப்பர்வைசர் சுடலையைக் கூப்பிடச் சொன்னேன். அந்த ஊரில் காற்றாலைக்குக் காத்தாடி என்றுதான் பேர். நானும் அப்படியே பேசித் தொலைத்தேன். பூத் அண்ணன் ரசீதைக் கிழித்துக்கொண்டே, "இன்னாம்மா, காத்தாடி வுடவா எஸ்.டி.டி. போட்டே? மாஞ்சா நம்மகிட்ட கீது." கரண்ட் எடுக்கிற காத்தாடி, பட்டம் இல்லை என்று விளக்கினேன். "பெரிய ஃபேனுன்னு சொல்லு." சரி, ஃபேன்.

12 வியாழன்
பயம். போல்ட்டுகள் வட்டமாகக் கான்கிரீட்டில் புதைந்தாச்சு. டவரின் அடித்தட்டில் அதற்கேற்ற ஓட்டைகள். ஒரு போல்ட் கொஞ்சம் தள்ளியிருந்தாலும் டவர் இறங்காது. கான்கிரீட்டை உடைக்கணும். என் சைட்டும் போச்சு. டிராயிங்கை எடுத்துப் பார்த்தேன். சரி. மறுபடி பார்த்தேன். சரிதான். பிறகும் பயம்.

ராத்திரி இட்லித் தட்டுகளைக் கம்பியில் கோக்கும்போது ஓட்டை நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அம்மா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

14 சனி
பூத்தில் லைன் கிடைக்கவில்லை. பின்னால் ஒருவர் உச்சுக்கொட்டிக்கொண்டே. கடைசியில் சுடலை, ஒரே இரைச்சல் நடுவே.

"அக்கா, காத்தாடி நின்னுட்டு."

"நின்னுடுச்சா? போல்ட்டு?"

"ஒண்ணுகூட இடிக்கல. நேரா நட்டமா நிக்கு அக்கா."

கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே அழுதேன். வெளியே வந்தால் அண்ணன் முகம் வாடிப்போயிருந்தது. நான் சொன்னது மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. "நின்னுடுச்சா? பேஜாராவாதம்மா. காத்து வந்தா தானா சுத்தும்."

"இன்னும் இறக்கையே மாட்டல அண்ணா. நிக்கணும்னுதான் கட்டினேன்."

எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்திருப்பார். உட்கார ஸ்டூல் போட்டார்.

வீட்டில் சொன்னேன். அம்மா கட்டிக்கொண்டாள். அப்பா பேப்பரை இறக்கவில்லை.

16 திங்கள்
ரயில்வே கேட் மூடியிருந்தது, லேட். நடராஜன் சார் வாட்சைப் பார்த்தார். முப்பந்தல் சைட் ஃபைலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கமலா தட்டச்சை நிறுத்திக் கை தட்டினாள். எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை.

வீட்டுக்கு வந்தால், அப்பா பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டேன். "சனிக்கிழமையே தெரியும். பூட்டு மட்டும் புதுசு வாங்கணும்" என்றார்.

செருப்பு வேண்டாம். ஷூ.