உங்களுக்கு விளங்கிய என் தமிழ்

இன்று காலை பின்வீட்டுக்காரர் புல் வெட்டினார். குசினி யன்னலால் பச்சைப் புல் வாசமும் பெற்றோல் புகையும் சேர்ந்து வந்தன. கையில் தேநீர்க் கேத்திலோடு அப்படியே நின்றுவிட்டேன். மெஷின் நகர்கிறதா என்று காது தானாகவே கவனிக்கத் தொடங்கியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து கடல்கடந்து இந்த மல்கிரேவ் ஊருக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. என் கணவர் எஞ்சினியர். காலையில் போனால் பின்னேரம்தான் வருவார். பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் எனக்கு வாசிக்க உதவியது, வாய்க்கு வரவில்லை. உடுப்புக் காயப்போடும்போது பக்கத்து வீட்டில் இருந்த நீங்கள் வேலிக்கு மேலால் ஏதாவது கேட்பீர்கள். அந்த வேகத்துக்கு ஒன்றும் பிடிபடாது. "யேஸ், யேஸ்" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டதற்கும் ஒருநாள் "யேஸ்" சொல்லியிருக்கிறேன் போலும். பின்னேரம் சூப்போடு வாசலில் நின்றீர்கள்.

அன்று வியாழக்கிழமை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த உங்கள் கணவர் பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரமாகச் சத்தம் ஒரே இடத்திலிருந்தே வந்தது. எட்டிப் பார்த்தேன். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் விழுந்து கிடந்தார்.

ஓடிவந்து உங்கள் முன்கதவை இரண்டு கையாலும் அடித்தேன். உள்ளே ரேடியோச் சத்தம். "ஹெல்ப்" என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல, அந்த நேரத்தில் வரவில்லை. "ஓடி வாங்கோ! ஐயோ, ஓடி வாங்கோ!" என்றுதான் கத்தினேன். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தீர்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் என் பின்னால் ஓடிவந்தீர்கள்.

சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் அம்புலன்சுக்குப் போன் செய்தார். அது வந்து சேர்வதற்குள் உங்கள் கணவரின் உயிர் போய்விட்டது. மெஷினை எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. அம்புலன்சில் வந்தவர்தான் நிறுத்தினார்.

செத்தவீட்டன்று உங்கள் வீட்டில் எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அழவில்லை. பாடமாக்கி வைத்திருந்த ஆங்கில வசனம் உங்களைக் கண்டதும் எனக்கு மறந்துபோயிற்று. உங்களைக் கட்டிப்பிடித்து, எங்களூரில் அழுவதைப்போல வாய்விட்டு அழுதேன். உங்கள் தங்கை என் தோளைப் பிடித்து மெல்ல விலக்கினார்.

வீட்டுக்கு வந்ததும், "இஞ்சத்தைய ஆக்கள் இப்பிடி அழமாட்டினம், உமக்குத் தெரியாதே?" என்றார் என் கணவர்.

அதன்பின் பத்து நாள் உடுப்பை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன். வெட்கம் ஒருபக்கம். அதைவிட, நான் சரியான சொல்லைச் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்ற எண்ணம் நெஞ்சை அரித்தது.

பிறகு ஒருநாள் நீங்களே வந்தீர்கள். குசினிக் கதிரையில் இருந்து, எனக்காக ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினீர்கள்.

"அன்றைக்கு நீ என்ன சொல்லிக் கத்தினாய்?"

சொன்னேன். "ஓடி... வாங்கோ" என்று திருப்பிச் சொல்லிப் பார்த்தீர்கள்.

"நான் வந்தபோது அவருக்கு மூச்சு இருந்தது. என்னைப் பார்த்தார். கையைப் பிடித்தேன். நீ கத்தாவிட்டால் நான் ரேடியோ கேட்டுக்கொண்டே இருந்திருப்பேன்."

அதற்குப் பிறகுதான் அழுதீர்கள். என் வீட்டில், வாய்விட்டு.

எனக்கு ஆங்கிலம் பழக்கியது நீங்கள்தான். நீங்கள் பழகியது அந்த இரண்டு தமிழ்ச் சொற்கள் மட்டும். தேநீர் தயாரானால் வேலிக்கு மேலால் "ஓடி வாங்கோ" என்று கூவுவீர்கள். முதல் சில தடவை கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். ஆனாலும் நான் திருத்தவில்லை.

உங்கள் வாழ்வின் கடைசி வருடம் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோயிற்று. "அம்மாவுக்கு இனி ஒன்றும் விளங்காது" என்றாள் உங்கள் மகள். நான் கட்டிலருகே இருந்து தமிழிலேயே கதைத்தேன். என் பிள்ளைகளைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி. நான் எழும்பிப் போகும்வரை நீங்கள் என் விரலை விடவில்லை.

போன மாதம் பஸ் தரிப்பில் ஓர் இளம்பெண் அழுதுகொண்டிருந்தாள். நான் கேட்ட ஆங்கிலம் அவளுக்கு விளங்கவில்லை. அவள் பேசிய மொழி எதுவென்று எனக்குத் தெரியவில்லை. முந்தின நான் என்றால் தள்ளி நின்றிருப்பேன். பக்கத்தில் போய் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்தாள். முதலில் வந்த பஸ்ஸை நாங்கள் இரண்டு பேருமே போகவிட்டோம்.