இருமுறை திரும்பிய ஆறு

மே 6

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். உன் அண்ணனும் நலம். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துவிட்டு வருவதால் வீட்டில் அவர் வாய் திறப்பதில்லை. பல் மருத்துவரைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி என்று உங்கள் வீட்டில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குழு பராமரிக்கும் தரவுச் சேமிப்பு மென்பொருள், அதுதான் நீங்கள் பெட்டகம் என்று செல்லமாகக் கூப்பிடுவது, அதன் அடுத்த வெளியீட்டில் ஃபோர்ட்ரான் இணைப்பை எடுத்துவிடப் போவதாக அறிவிப்பு பார்த்தேன். 'பயன்படுத்துவோர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை' என்று எழுதி, கீழே உன் பெயர். உன் சொந்த அண்ணி உனக்கு ஆளாகத் தெரியவில்லையா? பொதுப் பலகையில் கேட்டால் ஊரே வேடிக்கை பார்க்கும் என்றுதான் தனியாக எழுதுகிறேன்.

எங்கள் வெள்ள முன்னறிவிப்பு நிரல் முழுவதும் அந்தப் பழைய ஃபோர்ட்ரான் மொழி. பெட்டகம் சி மொழியில் இருக்கிறது. நடுவில் நின்று இவர் பேச்சை அவருக்குச் சொல்லும் அந்த இணைப்பு போய்விட்டால் எங்கள் கணக்கை வேறு எந்த அலுவலகமும் படிக்க முடியாது. இயக்குநர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "மழைக்கு முன்னாடி உங்க புரோகிராம் பெட்டகத்துல எழுதணும். இல்லேன்னா வெளியில வாங்கினதையே வச்சுக்குவோம்." வாங்கிய நிரல் மத்தியானம் சொல்வதை எங்களுடையது விடியும்போதே சொல்லிவிடும். ஆற்றோரத் தெருக்களில் குடியிருப்பவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப அந்தக் காலை நேரம்தான் இருக்கிறது.

கோபத்தோடும் அன்போடும்,
அண்ணி

மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. அண்ணனிடமும் படித்துக் காட்டுங்கள், பல்லைக் காட்டிச் சிரிக்கட்டும்.

அந்த இணைப்பு நான் வருவதற்கு முன்பு யாரோ எழுதிப் போட்டுவிட்டுப் போனது. இங்கே ஒருவருக்கும் ஃபோர்ட்ரான் தெரியாது. அதில் ஏதாவது உடைந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். போதாததற்குப் பெட்டகத்தில் இப்போது வளரும் அட்டவணை வந்துவிட்டது. மணிக்கு மணி புது அளவுகளைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகலாம். ஃபோர்ட்ரான் பக்கம் அதற்கு வழியே இல்லை.

அந்த வழியை நீங்களே எழுதிக் கொடுங்கள், சோதனைகளோடு. ஆகஸ்ட் வெளியீட்டுக்குள் வந்தால் இணைப்பை வைத்துக்கொள்கிறோம். வராவிட்டால் எடுத்துவிடுவேன். அண்ணி என்று சலுகை காட்டினால் இங்கே என்னைப் பிய்த்து எடுத்துவிடுவார்கள். காட்ட ஆசைதான், அது வேறு விஷயம்.

இப்போதைக்கு எதிரியாக,
உங்கள் நாத்தனார்

ஜூன் 19

அன்புள்ள எதிரிக்கு,

எழுதி முடித்துவிட்டேன். அதற்குள் உன் பெட்டகம் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா. நீர்மட்டம் என்ற அட்டவணை கண்ணுக்கு நேரே இருக்கிறது, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கிறது. ஃபோர்ட்ரான் ஒரு பெயரைக் கொடுக்கும்போது மிச்ச இடத்தை வெற்றிடங்களால் நிரப்பிக் கொடுக்கும். உங்கள் சி அந்த வெற்றிடங்களையும் பெயரோடு சேர்த்துத் தேடியிருக்கிறது. வாலை நறுக்கிவிட்டேன்.

இப்போது அளவுகள் மணிக்கு மணி போய்ச் சேருகின்றன. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. சந்தோஷம் தாங்காமல் கைதட்டினேன். உன் அண்ணன் உள்ளேயிருந்து "கொசுவா?" என்றார். எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன், எங்கள் நிரலையும் சேர்த்து. பார்த்துவிட்டுச் சொல்.

பெருமையோடு,
அண்ணி

ஜூலை 2

வாயாடி,

மானம் போயிற்று. இயக்குநர் முன்னால் வரைபடப் பிரிவு எங்கள் கோப்பைத் திறந்தது. ஆற்றைக் காணோம். படம் முழுக்கச் சாய்வாகக் கோடு கோடாகக் கிழிந்து கிடந்தது. குன்றின் மேல் வெள்ளம் நிற்கிறது, ஆற்றோரத் தெருக்கள் காய்ந்து கிடக்கின்றன. வரைபடக்காரர் "மேடம், இதுல ஆறு எந்தப் பக்கம்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது. இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்றார்.

என் பக்கம் எல்லாம் சரி. இணைப்பில் நீ ஏதாவது கை வைத்தாயா?

அண்ணி

ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

கை வைத்தேன். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஃபோர்ட்ரான் ஓர் அட்டவணையைப் பத்தி பத்தியாக மேலிருந்து கீழே அடுக்கும். சி வரி வரியாக இடமிருந்து வலம் அடுக்கும். அதனால் நீங்கள் நீளம் என்பதை நாங்கள் அகலம் என்று எடுத்துக்கொண்டால்தான் படம் ஒழுங்காக வரும். உங்களுக்கு ஏன் அந்தச் சிரமம் என்று இணைப்புக்குள் நானே அதை மாற்றி வைத்தேன். சொல்லவில்லை. ஒருநாள் நீங்களே கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன்.

இன்று உங்கள் நிரலைத் திறந்தால், நீங்களும் நீளத்தையும் அகலத்தையும் கையால் மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் 'சி-க்காரி கஷ்டப்பட வேண்டாம்' என்று குறிப்பு வேறு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. வாசலில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொண்ட கதைதான்.

நீங்களே எழுதி நீங்களே படித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், போகும்போது திரும்பியது வரும்போதும் திரும்பிவிடும். என் சோதனைகளும் பிடிக்கவில்லை. அத்தனையும் சதுர அட்டவணைகள், நீளமும் அகலமும் ஒன்றேதான். வெட்கமாக இருக்கிறது.

விட்டுக்கொடுப்பதை யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும். நீங்கள் நிறுத்துங்கள், அண்ணி. அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஃபோர்ட்ரான்காரர்கள் ஃபோர்ட்ரான் மாதிரியே எழுதட்டும், திருப்புவது இணைப்பின் வேலை. வெள்ளிக்கிழமை முடிந்ததும் உடனே எழுதுங்கள். இங்கே எனக்கு வேலை ஓடாது.

உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 9

என் வாயாடிக்கு,

வெள்ளிக்கிழமை படத்தில் ஆறு தன் இடத்துக்கே வந்துவிட்ட கதையைத் தொலைபேசியில் கேட்டுவிட்டாய். நேற்றைய கதையை எழுதித்தான் சொல்ல வேண்டும், பேசினால் நீ குறுக்கே புகுந்துவிடுவாய்.

நேற்று மழை கொட்டித் தீர்த்தது. விடியும்போதே எங்கள் நிரல் ஆற்றோரத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் என்று எழுதிவிட்டது. வரைபடப் பிரிவு அதை அப்படியே வாங்கிப் படம் போட, ஒலிபெருக்கி வண்டி கிளம்பியது. தண்ணீர் ஏறியபோது அத்தனை பேரும் பள்ளிக்கூட மாடியில் இருந்தார்கள், பூனையும் கூண்டுக் கிளியுமாக. ஓர் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாங்கிய நிரல் அதையே மத்தியானம் சொன்னபோது வீடுகளுக்குள் கட்டில் மிதந்துகொண்டிருந்தது.

இயக்குநர் என் மேசை வரை நடந்து வந்தார். "வாங்கினதைத் திருப்பி அனுப்பிடுவோம்மா" என்றார். ஜெயித்துவிட்டோம். நான் கைகழுவும் இடத்தில் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

அண்ணி

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

வெளியீடு வந்துவிட்டது. ஃபோர்ட்ரான் இணைப்பு வளரும் அட்டவணையோடு உள்ளே இருக்கிறது. அதோடு குழு கூடி ஒரு முடிவு எடுத்தது, ஒருவர்கூட எதிர்க்கவில்லை. இனி அந்தப் பகுதி உங்கள் பொறுப்பு. அதில் யார் மாற்றம் அனுப்பினாலும், நானே அனுப்பினாலும், நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் உள்ளே போகும்.

போணி என்னுடையதாக இருக்கட்டும் என்று ஒரு மாற்றம் அனுப்பியிருக்கிறேன். சின்னதுதான். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். குடும்பத்துக்குள் என்ன இருக்கிறது.

சந்தோஷத்தோடு,
உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 21

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் மாற்றத்தை வரி விடாமல் படித்தேன். ஏற்கவில்லை.

கோப்பை மூடும்போது பிழை வந்தால் அதைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறாய். கடைசி மணியின் நீர்மட்டம் கோப்பில் இல்லாமலேயே நிரல் சந்தோஷமாக முடிந்துவிடும். திருத்து. சோதனை எழுது. மறுபடி அனுப்பு, மறுபடியும் வரி விடாமல் படிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி
பொறுப்பாளர், ஃபோர்ட்ரான் பகுதி, பெட்டகம்