மிஸ்டர் மருதமுத்து

ஆக்லாந்து
ஜூலை 1996

அன்புள்ள அண்ணனுக்கு,

என் கடிதங்களை நீ நம் சலூனில் உட்கார்ந்து, அப்பா சவரம் செய்துகொண்டிருக்கும்போதே சத்தமாகப் படிப்பாய். இதை மட்டும் அப்படிப் படிக்காதே.

இங்கே குளிர் அதிகம். ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் வேலை நன்றாகப் போகிறது.

என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவரின் குடும்பப் பெயரே பார்பர். பல நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் அவருடைய முன்னோர் செய்த தொழிலாம். முடிவெட்டுவதோடு பல்லும் பிடுங்குவார்களாம். நேற்றுச் சாப்பாட்டு வேளையில் பெருமையாகச் சொல்லிவிட்டு, நம் அப்பாவின் தொழிலைக் கேட்டார்.

அப்போது தஞ்சாவூர்க்காரர் சுப்பிரமணியன் தன் டப்பாவிலிருந்து எனக்குப் புளியோதரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"விவசாயம்" என்றேன்.

"அடடே, சொல்லவே இல்லையே! எத்தனை ஏக்கர்?" என்றார் சுப்பிரமணியன்.

"அஞ்சு."

நமக்கு ஏது குடும்பப் பெயர்? விசாவுக்கு எழுதும்போது அந்த இடத்தில் அப்பா பெயரைத்தான் போட்டேன். புளியோதரையை விழுங்குவதற்குள் சூப்பர்வைசர் வாசலில் நின்று, "மிஸ்டர் மருதமுத்து!" என்று அப்பாவைக் கூப்பிட்டார்.

நான்தான் எழுந்து போனேன்.

உன் தம்பி