வெள்ளி, சனி இரவுகளுக்கு ஒரு வீடு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கம்பெனியில் அரை நாள் லீவு. குடியிருப்பு ஒதுக்கீட்டு ஆபீஸ். டோக்கன் 41.

கொண்டுபோனவை: ஆதார், சம்பளச் சீட்டு, ஹாஸ்டல் ரசீது, கோர்ட் இடைக்கால உத்தரவு நகல், மித்ராவின் பிறப்புச் சான்று. மறந்தது: குடை.

கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர். நனைந்த காகிதங்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, பாப்பா பேரு அவங்கப்பா ரேஷன் கார்டுல இருக்குதுங்க. உங்களுக்குத் தனிக் கார்டே இல்லீங்க. ஒத்தை ஆளுக்கு எப்படிங்க வீடு எழுதறது?"

மகள் வாரம் இரண்டு இரவு, வெள்ளியும் சனியும், என்னோடு தங்கத்தான் வீடு கேட்கிறேன் என்றேன். "ரெண்டு நாள் இருக்கற புள்ளைக்கு இந்தப் பாரத்துல கட்டமே இல்லீங்களே" என்றார். வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். இல்லை.

கார்டில் பெயர் மாற்ற கோர்ட் உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு வீடு வேண்டும். வீட்டுக்குக் கார்டில் பெயர் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். எனக்குக் கல்யாணம் ஆகித்தான் இந்தப் பைத்தியமே.

மாலை வக்கீல் மேடம் போன். "வாடகைக்காவது ஒண்ணு புடிச்சுப்போடுங்க. ஹாஸ்டல் அட்ரஸ வெச்சுக்கிட்டு ராத்திரி தங்க விடுங்கன்னா ஜட்ஜம்மா விடமாட்டாங்க." வாய்தா 20ஆம் தேதி. இன்னும் பதினாறு நாள்.

ஹாஸ்டல் அறையில் நான்கு கட்டில். என்னுடையது கதவோரம். குழந்தைகளுக்கு அனுமதியில்லை என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. ஷிஃப்ட் முடிந்து சரவணம்பட்டியில் மூன்று தெரு.

1. மாடி போர்ஷன். நல்ல வெளிச்சம். "சார் வரலீங்களா? சார் வந்தப்புறம் பேசிக்கலாமுங்க."

2. பின்பக்கத்து வீடு. "இப்பத்தானுங்க ஐ.டி. பசங்களுக்குச் சொல்லிப்போட்டோம்." 'வாடகைக்கு' போர்டு இன்னும் தொங்குகிறது.

3. "தப்பா நெனச்சுக்காதீங்க கண்ணு. எங்கூட்டுல கல்யாணம் ஆகாத புள்ளை இருக்குது." ஒட்டிக்கொள்ளும் வியாதியா எனக்கு? கேட்கவில்லை. காபி கொடுத்தார்கள். காபி நன்றாகவே இருந்தது.

இந்த ஊரில் யாரும் 'போ' என்று சொல்வதில்லை. 'போய்ட்டு வாங்க' என்கிறார்கள். வரச் சொல்லித்தான் துரத்துகிறார்கள்.

கால் வலி. ஹாஸ்டலில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. அழலாம் என்று போனேன். பாத்ரூமில் ஆள்.

நவம்பர் 9, ஞாயிறு

மித்ராவைப் பார்க்கும் நாள். 10 முதல் 12 வரை. மால், மூன்றாம் மாடி, சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் இடம்.

அவள் அப்பா கொண்டுவந்து விட்டுவிட்டு எஸ்கலேட்டர் பக்கம் நின்றார். முகம் பார்க்கவில்லை. நானும்தான். சொந்த வீடு, தெருமுனையில் பள்ளிக்கூடம், மூன்று வேளைச் சாப்பாடு. கோர்ட்டில் அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. நான் ஒரு பையோடு கிளம்பி வந்தவள்.

மி. தோசையைப் பாதியில் வைத்துவிட்டாள்.

"உங்கூடு கெடச்சுருச்சாம்மா?"

"தேடிட்டே இருக்கேன் சாமி."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டாள். "நான் சத்தம் போட மாட்டேன்னு ஊட்டுக்காரங்ககிட்டச் சொல்லு. சுவத்துல கிறுக்க மாட்டேன்னும் சொல்லு. அப்பக் குடுத்துருவாங்க."

ஏழு வயது. தன்னால்தான் வீடு கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சட்னி காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வீடு கிடைத்துவிட்டது. பொய் சொல்லிக் கிடைத்தது.

ஒரு பெட்ரூம், சின்ன ஹால், சமையல்கட்டில் ஜன்னல். வீட்டுக்காரம்மா கீழே இருக்கிறார். "குடும்பத்துக்குத்தான் உடறதுங்க. ஊட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" வாய் தானாகத் திறந்தது. "துபாயில இருக்காருங்க. நானும் பாப்பாவும்தான். பாப்பா அவங்க அப்பாயி ஊட்டுலயும் இருக்கும், இங்கேயும் வரும்."

புருஷன் செத்துவிட்டான் என்றிருந்தாலும் பரிதாபப்பட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்த ஆளைச் சாகடிக்க மனம் வரவில்லை. துபாய்க்கு அனுப்பினேன்.

"ஞாயித்துக்கெழமை பத்தே முக்காலுக்கு நல்ல நேரம். பாலக் காச்சிப்போடுங்க அம்மணி. பாப்பாவக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார்.

பேருந்தில் திரும்பும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். வக்கீல் மேடம் எழுதிக் கொடுத்து, இந்த ஒரு ஞாயிறு மட்டும் மாலுக்குப் பதில் புது வீடு என்று மித்ராவின் அப்பா ஒத்துக்கொண்டார். தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொன்னேன். துபாய்க்காரர் வாசலில் வந்து நின்றால் குடி கெட்டது.

தெருமுனையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது சொல்லிக்கொடுத்தேன். "அம்மா வீட்டைப் பத்தி யார் கேட்டாலும், நானும் அம்மாவும் இருக்கோம், அப்பா துபாயில இருக்காருன்னு சொல்லணும். இல்லீன்னா வீடு போயிரும்."

"யார் கேட்டாலுமா?"

"யார் கேட்டாலும்."

பால் பொங்கியது. மி. கை தட்டினாள். வீட்டுக்காரம்மா சர்க்கரையோடு வந்தார். "மாப்பிள்ளைக்கு வீடியோ கால் போட்டுக் காட்டுங்க, பாவம், தூரத்துல இருக்காரு." போனைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன். மி. சட்டென்று, "அப்பாவுக்கு இப்ப டூட்டிங்க ஆன்ட்டி. போன் எடுக்க மாட்டாரு" என்றாள். ஒரு இமை கூட ஆடவில்லை.

"கெட்டிக்காரப் புள்ளை" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

அந்த நிமிஷம் பெருமையாக இருந்தது. பிள்ளைக்கு நான் கற்றுக்கொடுத்தது இதுதான்.

வாங்க வேண்டியவை: பாய், சின்னத் தலையணை, பல் துலக்க பிரஷ் (பிங்க்), கொசுவலை. மி. பெட்ரூமில் படுத்து உருண்டு பார்த்தாள். "வெள்ளிக்கெழமை இங்க, சனிக்கெழமை இங்க" என்று தரையில் இரண்டு இடம் காட்டினாள்.

நவம்பர் 20, வியாழன்

கோர்ட். எழுதக் கை வரவில்லை. எழுதி வைக்கிறேன்.

வாடகை ஒப்பந்தம், வீட்டு போட்டோ எல்லாம் கொடுத்தோம். ஜட்ஜம்மா தலையாட்டினார். வக்கீல் மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும் என்று மித்ராவை அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டார். நான் ஒரு பெஞ்சில். அவர் எதிர் பெஞ்சில். பத்து நிமிஷம்.

பிறகு ஜட்ஜம்மா இரண்டு வக்கீல்களையும் உள்ளே கூப்பிட்டார். மேடம் வெளியே வந்தபோது முகமே வேறு.

ஜட்ஜம்மா பிரியமாகத்தான் கேட்டிருக்கிறார். அம்மா வீட்டில் யார் யார் இருக்கீங்க என்று. மி. நிமிர்ந்து நின்று சொல்லியிருக்கிறாள்: நானும் அம்மாவும், அப்பா துபாயில இருக்காரு. அப்பா வெளியே உட்கார்ந்திருக்காரே கண்ணு என்றதற்கு, இல்லீங்க, துபாயில என்று மறுபடியும். யார் சொல்லிக்கொடுத்தது? அம்மா.

இல்லீன்னா வீடு போயிரும் என்று மி. சொன்னதை வைத்து, வீட்டுக்காக என்று மேடம் விளக்கினாராம். "வீட்டுக்குப் பொய் சொல்லக் குழந்தையைப் பழக்கறவங்க, நாளைக்குக் கேஸுக்கும் பழக்குவாங்க" என்றாராம் ஜட்ஜம்மா. இரவு தங்க அனுமதி இல்லை. மாலும் கிடையாது. இனி ஆறு மாதம் கோர்ட் வளாகத்துக் குழந்தைகள் அறையில், ஆள் காவலோடு, ஞாயிறு 10 முதல் 12.

அவர் என்னைக் கடந்து போனார். ஜெயித்த முகம் இல்லை. அதுதான் இன்னும் கொன்றது.

"ஏனுங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்றார் மேடம். சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 21, வெள்ளி

ஹாஸ்டலைக் காலி செய்தாயிற்று. முன்பணம் கட்டியாயிற்று, வேறு போக்கிடமும் இல்லை. ஒரு பை, ஒரு பக்கெட், பாய் இரண்டு.

படியில் வீட்டுக்காரம்மா. "பாப்பா வரலீங்களா? வெள்ளிக்கெழமை வரும்னீங்க."

"பரீட்சைங்க."

பொய் இப்போதெல்லாம் தயாராகவே இருக்கிறது. குடும்பம் என்று சொல்லித்தான் வீடு வாங்கினேன். குடும்பம் நான்தான். செத்துப்போகலாமா என்று சமையல்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை யார் போவது என்று தோன்றியது. எழுந்து தண்ணீர் குடித்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மேகமூட்டம். குழந்தைகள் அறை: நீல பெஞ்ச், உடைந்த சறுக்குமரம், மூலையில் நாற்காலி போட்டு ஒரு அம்மா. நாங்கள் பேசுவதைக் குறித்துக்கொள்ள.

மி. மடியில் வந்து உட்கார்ந்தாள். ஜடை வேறு மாதிரி பின்னியிருந்தது. ரிப்பன் அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். மூலையில் இருந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மி. என் காதுக்குள் வாயை வைத்தாள்.

"அம்மா, அந்த ஜட்ஜு எத்தனை தடவை கேட்டாங்க தெரியுமா? நான் மாத்திச் சொல்லவே இல்ல. சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னே சாமி" என்றேன்.

"அப்ப இந்த வெள்ளிக்கெழமை வாரேன்."