அந்தத் துணி டயப்பர்கள் எனக்குத்தான்

ரெட்டியார்பாளையம்,
புதன்கிழமை.

அன்புள்ள எழிலரசனுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் ஹேமலதாவும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். நாங்கள் சௌக்கியம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தபாலில் போட்டால் பிரான்சில் லியோன் வரை வந்து சேர இரண்டு வாரம் ஆகுமாம், அதுவரை என்னால் பொறுக்க முடியாது. எழுதி முடித்ததும் படம் பிடித்து உன் வாட்ஸாப்புக்கு அனுப்புகிறேன். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் நான் எதையும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

மார்ச்சில் புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். சரியாகவில்லை. இருமினாலும் எழுந்தாலும் சிறுநீர் என்னைக் கேட்காமலே வந்துவிடுகிறது. சில மாதம் ஆகும், போகப் போகக் குறையும் என்கிறார் டாக்டர், நீ பயப்பட வேண்டாம். கடையில் விற்கும் சாதாரண டயப்பர் இரண்டே நாளில் தொடையெல்லாம் புண்ணாக்கிவிட்டது. துணியில் கிடைக்குமா என்று ஆன்லைன் கடைகளில் பதினொரு நாள் தேடினேன். விலை, எத்தனை அடுக்கு, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். பெரியவர்களுக்கானது ஒன்று வாங்கும் விலைக்குக் குழந்தைகளுக்கானது ஐந்து வருகிறது, உறிஞ்சும் துணி இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே குழந்தை டயப்பரை வாங்கி, உள்ளே வைக்கும் பட்டைகளை மட்டும் எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து, என் கோவணத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். "பென்சன் வாங்குற ஆளு, இதுல போயி கஞ்சத்தனம் பாக்குறீங்களே" என்றாள் உன் அம்மா. இருந்தாலும் அவள்தான் தைத்துக் கொடுத்தாள். நன்றாகவே இருக்கிறது.

நான் செய்த தவறு வேறு. பார்சல் கொண்டுவந்தவர் அதன்மேல் இருந்த யானைக்குட்டிப் படத்தைப் பார்த்து, "இன்னா சார், பேரப்புள்ள வந்துருக்கா?" என்று கேட்டார். எதிர் வீட்டு அஞ்சலாட்சி கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவர் உன் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தங்கை என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் இல்லை. மறுநாளே செய்தி அரியாங்குப்பம் போய்விட்டது. உன் மாமியார் ஹேமலதாவைக் கூப்பிட்டு, "உன் மாமனாரு பேரப்புள்ளைக்குத் துணியெல்லாம் வாங்கி அடுக்குறாராமே, பெத்தவளுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா" என்றாராம். போன ஞாயிறு நீ தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. அப்போதும் "அப்படியா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். குழந்தைக்கான சிகிச்சை இரண்டு முறை பலிக்காமல், இப்போதுதான் ஹேமலதா கொஞ்சம் தேறி வேலைக்குப் போகிறாள். இந்த நேரத்தில் நாங்கள் அவளை நெருக்குகிறோம் என்றுதானே நினைத்திருப்பாள். "மாமா, பேப்பர்ல இன்னிக்கு இன்னா?" என்று வாரம் தவறாமல் கேட்கிற பெண், மூன்று வாரமாகப் போனுக்கு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

நேற்றுக் காலை எதிர் வீட்டுக்குப் போனேன். பாதித் தெரு வரை போய் இரண்டு முறை திரும்பி, மூன்றாவது முறைதான் உள்ளே போனேன். அந்தத் துணி எனக்கு, எனக்குச் சிறுநீர் நிற்பதில்லை, பேரக்குழந்தை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். அஞ்சலாட்சி வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "எங்க ஊட்டுக்காரருக்கும் அப்படித்தாங்க, எந்தக் கடைன்னு எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அரியாங்குப்பத்துக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். தெரு என்னைப் பற்றிப் பேசட்டும், ஹேமலதாவைப் பற்றிப் பேச வேண்டாம்.

குழந்தை விஷயத்தில் நாங்கள் எதையும் எதிர்பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. இதை எழுதுவதும் தவறோ என்று இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். நீங்கள் இருவரும் மனமொத்து நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசியும் அதுவே. நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. இதை நீ படித்துவிட்டு ஹேமலதாவுக்கு எடுத்துச் சொல்லாதே. என் மானத்தைப் பார்த்துப் பாதியை விட்டுவிடுவாய். போனை அப்படியே அவள் கையில் கொடு.

உன் அப்பா,
அரிகிருஷ்ணன்