சேன் ழில் ஊரின் வரைபடம்

சேன் ழில், பிரான்ஸ்
3.7.1994

அன்புள்ள சாந்தாமணிக்கு,

நான் சுகம். நீயும் பிரியா கண்ணும் அப்படியே இருக்க வேண்டும். இந்த ஊர் நடுவில் ஓர் ஆறு ஓடிக் கடலில் சேருகிறது. அந்தக் கரையில் ஒன்று, இந்தக் கரையில் ஒன்று என்று இரண்டு ஊராக இருந்ததை 1967இல்தான் ஒன்றாக்கினார்களாம். மத்தி மீனை டின்னில் அடைப்பது இங்கே நூறு வருடத் தொழில். அந்த மெஷின்களைப் பார்ப்பதுதான் என் வேலை. விடியும்போது கரைக்குப் போனால் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும். உன் ஞாபகம் வந்துவிடும்.

மெட்ராஸ் வருகிறவரிடம் இதைக் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். பதிலை வழக்கம்போல என்னை அனுப்பிவைத்த மண்ணடி ஏஜெண்ட் ஆபீசுக்கே போடு. அவர்கள் எனக்கு அனுப்பிவிடுவார்கள்.

உன்
ஆறுச்சாமி

கருமத்தம்பட்டி
14.7.1994

அன்புள்ள மாமாவுக்கு,

ஊரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. மீன் வாடையே உங்களுக்கு ஆகாதே, என்னதான் சாப்பிடுகிறீர்கள்? பிரியா உங்கள் கடிதங்களை வைத்து அந்த ஊருக்குப் படம் வரைகிறாள். "ஏனுங்கம்மா, அப்பா ஊட்டுக்குக் கடலு கெழக்காலயா மேக்காலயா?" என்று உயிரை எடுக்கிறாள். எழுதுங்கள். ஆடி நோம்பிக்காவது வருவீர்களா?

உங்கள்
சாந்தாமணி

சேன் ழில்
25.7.1994

சாந்தாமணி,

கடல் கெழக்கால என்று பிரியாவிடம் சொல். நோம்பிக்கு லீவு கிடைக்காது. கோபித்துக்கொள்ளாதே.

ஆறுச்சாமி

கருமத்தம்பட்டி
9.8.1994

மாமா,

பிரியா படத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். அந்த ஊருக்குக் கடல் மேற்கே இருக்கிறது, அங்கே சூரியன் கடலில் விழத்தான் செய்யும் என்று டீச்சர் அட்லஸை விரித்துக் காட்டினாராம். "எங்கப்பா கண்ணுல பாத்து எழுதியிருக்காருங்க டீச்சர், புஸ்தகந்தானுங்க தப்பு" என்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

இரண்டு நாளாக உங்கள் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆறும் மீனும் 1967ம் எதிலோ படித்து எழுதியது. சூரியன் மட்டும்தான் நீங்கள் பார்த்தது. மெட்ராசில்தான் அது கடலிலிருந்து எழும்பும். ஏஜெண்ட் உங்களைப் பிளேன் ஏற்றவே இல்லை, அப்படித்தானே? மாலை போட்டு அனுப்பிய ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்று வெட்கமா? யார் சிரித்தாலும் நான் சமாளித்திருப்பேன். எனக்கே பொய் எழுதினீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வருகிற பத்தொன்பதாம் தேதி காலையில் நானும் பிரியாவும் மண்ணடி ஆபீஸ் வாசலில் நிற்போம். அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே சொல்லுங்கள். மதியம் வரைக்கும் பார்ப்போம். வராவிட்டால், நீங்கள் பிரான்சில்தான் இருக்கிறீர்கள் என்று நானும் நம்பிக்கொள்கிறேன். அப்புறம் கடிதம் போட வேண்டாம்.

சாந்தாமணி