வலப்பக்கக் கணக்கு

தஞ்சாவூர்,
தை 14.

அன்பு மகள் மதிவதனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை மாட்டேன் என்கிறது. போனில் பேசலாமே என்று கேட்பாய். உன் குரல் கேட்டாலே அப்பா ஓடிவந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். அவர் காதில் விழாமல் உனக்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இந்தத் தாளை விட்டால் வேறு கதி இல்லை.

உன் ஆராய்ச்சிக்குக் கேட்டிருந்த பறவைக் கணக்குத் தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். நாலு நாள் கணக்கு. நீ சொன்னபடியே காரை மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். இடப்பக்கத்து வயலில் இருப்பதை நான் எண்ணினேன். வலப்பக்கத்தை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்பா எண்ணிச் சொன்னார். இரண்டையும் எழுதியது நான். ஒரத்தநாடு ரோட்டில் கரண்டு கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. அது இறக்கையை விரித்ததும் தெரிந்த நீலத்தில் எனக்கு வயசே மறந்துபோயிற்று. வடுவூர் ஏரியில் அரிவாள்மூக்கன் கூட்டம் இறங்கியபோது, நான் வேலை பார்த்த அங்கன்வாடியில் பிள்ளைகள் தட்டுவதுபோலக் கைதட்டிவிட்டேன். இவளுக்கு இனிமேல்தான் பால்வாடிச் சோறு போட வேண்டும் என்று அப்பா கேலி செய்தார்.

மதி, அந்தத் தாள்களில் வலப்பக்கக் கணக்கு முழுவதையும் அடித்துவிடு. அது பொய்க் கணக்கு.

வெள்ளிக்கிழமை மன்னார்குடி தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். வலப்பக்கம் ஒன்றுமில்லை, எழுதிக்கொள் என்றார். எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அவர் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் வெள்ளை. அறுவடை மிஷின் பின்னாலேயே கொக்குகள் நடந்து வருகின்றன, இருநூறுக்குக் குறையாது. எனக்குக் கோபம்தான் வந்தது. மகள் கேட்ட வேலையில் என்ன விளையாட்டு என்று காரை ஓரங்கட்டச் சொன்னேன். அங்கே பாருங்கள் என்றதும் கழுத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்குச் சுருக்கென்றது. அவருடைய இடது கண்ணை என் கையால் மூடிக்கொண்டு, எத்தனை கொக்கு என்று கேட்டேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது செவ்வந்தி. கொக்கு தெரியல."

எட்டு மாதமாக இப்படியாம். எதிரே வரும் பஸ்ஸும் லாரியும் அந்தப் பக்கம்தானே வரும்? நாலு நாளாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பறவை பார்த்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் வேளாங்கண்ணி ரூட்டில் பஸ் ஓட்டி ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காத மனுஷன். அன்று அவர் கையில் சாவியைக் கொடுக்கவில்லை. மன்னார்குடியில் இருக்கிற அவருடைய பழைய கண்டக்டர் ஐயாவு அண்ணன்தான் வந்து காரை வீடுவரைக்கும் ஓட்டிவந்து விட்டார்.

முதல் நாள் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒழுங்காகத்தான் எண்ணினாராம். நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்து, மறுநாளிலிருந்து உத்தேசமாகச் சொல்லியிருக்கிறார். வயல் என்று இருந்தால் பத்துக் கொக்கு இருக்காதா என்று என்னையே கேட்கிறார். இதை ஏன் மறைத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். "பாப்பா எங்கிட்ட ஒண்ணு கேட்டதே இதான் மொத தடவ" என்றார். நீ பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாளிலெல்லாம் அவர் டூட்டியில் இருந்தார். உனக்கு அது மறந்திருக்கும். அவருக்கு மறக்கவில்லை.

மறுநாள் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுத்திருக்கிறதாம். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது, இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், முத்துப்பேட்டைப் பக்கம் இன்னும் எண்ணாமல் பாக்கி இருக்கிறதே, அதை முடித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அப்புறம் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்கிற பயம், வேறொன்றுமில்லை. வண்டி எடுக்காத நாளில் அவருக்குச் சோறு இறங்காது என்பது உனக்கே தெரியும்.

கார் சாவியை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். காலையிலிருந்து தேடுகிறார். அலமாரி, சட்டைப்பை, சாமி படத்துக்குப் பின்னால் என்று ஓரிடம் பாக்கியில்லை. எங்கேயாவது கைமறதியாக வைத்திருப்பீர்கள் என்று நானும் கூடவே தேடுகிறேன். எத்தனை நாளைக்கு இப்படி ஏமாற்ற முடியும்? எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதம் முடிவதற்குள் நாலு தடவை எழுந்துபோய் வாசலில் கார் நிற்கிறதா என்று பார்த்துவிட்டேன். ராத்திரி புரண்டு படுத்தால், அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். ஒரு கண்ணைக் கையால் மூடுகிறார், எடுக்கிறார், மறுபடி மூடுகிறார். நான் தூங்குகிற மாதிரி கிடக்கிறேன்.

என் பேச்சு இந்த வீட்டில் எடுபட்டதில்லை. நீ சொன்னால் கேட்பார். பொய்க் கணக்குக்காக அவரைக் கடிந்துகொள்ளாதே. உன் வேலைக்கு அது நஷ்டம் என்பது எனக்குப் புரிகிறது. என்னுடைய இடப்பக்கக் கணக்கு சத்தியமானது, அதை வைத்துக்கொள். போனில் மட்டும் சொல்லாதே, போனில் சரி சரி என்பார். நேரில் வந்து கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. லீவு கிடைக்கவில்லை என்று அஸ்ஸாமிலிருந்து இரண்டு வருடமாகச் சொல்கிறாய். நானும் இதுவரை வற்புறுத்தியதில்லை. இப்போது கேட்கிறேன்.

எந்த ஊரில் இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இரு. அவருக்குக் கண் தெரிகிறபோதே ஒரு தடவை வந்து நில், அம்மா. வந்தால் இடது பக்கமாக வந்து நில்.

உன் அம்மா,
செவ்வந்தி ரெத்தினம்.